அம்மைத் தழும்புப் பாட்டிக்குப் பெயர் என்ன?

செங்டு நகரத்தில் சின்னஞ்சிறு சாப்பாட்டுக் கடைகளை ‘ஈக்கடை’ என்கிறார்கள். சாங்யிங் குவான்ஸி. சாங்யிங் என்றால் ஈ, குவான்ஸி என்றால் சாப்பாட்டுக் கடை. ஈ மொய்க்கும் அளவுக்கு இடம் அழுக்கு என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். ஈ மொய்ப்பதுபோல் ஆட்கள் மொய்ப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். எப்படியிருந்தாலும் யாரும் அதைத் திட்டாகச் சொல்வதில்லை. வெளியூர்க்காரர்களை ‘நல்ல ஈக்கடை ஒன்று காட்டுகிறேன், வா’ என்று பெருமையோடு அழைத்துப் போவார்கள்.

சீன மொழி படிப்பதற்காக, சிச்சுவான் மாகாணத்தின் தலைநகரான அந்த ஊரில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். என் அறைக்குக் கீழே, சந்து திரும்பும் இடத்தில் ஒரு ஈக்கடை இருந்தது. ஐந்து மேசைகள், முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகள், வாசலிலேயே கொதிக்கும் பெரிய அண்டா. சுவரில் விலைப்பட்டியல், அதற்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட கடை உரிமம்.

அங்கே நூடுல்ஸைக் கிண்ணக் கணக்கில் கேட்கக்கூடாது, எடைக் கணக்கில் கேட்க வேண்டும். ஒரு லியாங் என்பது 50 கிராம். காலையில் ஒரு லியாங் போதும், மத்தியானம் இரண்டு லியாங். ரேஷன் கூப்பன் இருந்த காலத்தில் கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் தானியக் கூப்பன் தர வேண்டியிருந்தது. அதிலும் கணக்கு லியாங்தான். 1993இல் கூப்பன்கள் ஒழிந்தன. லியாங் மட்டும் வாயில் தங்கிவிட்டது. ‘நியாங்நியாங், இரண்டு லியாங்!’ என்று வாசலிலிருந்தே கத்திவிட்டு உட்கார வேண்டும். நியாங்நியாங் என்பது சிச்சுவான் வழக்கில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாவற்றுக்கும் பொதுவான அழைப்பு. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம்.

அந்த நியாங்நியாங்குக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெறும் கிண்ணத்தில் முதலில் சோயா சாறு, வினிகர், மிளகாய் எண்ணெய், பூண்டுத் தண்ணீர், நாக்கை மரக்கச் செய்யும் ஹுவாஜியாவ் பொடி என்று வரிசையாக விழும். எதற்கும் அவர் கண் கீழே போகாது. பிறகு நூடுல்ஸ், அதன்மேல் வறுத்த பன்றிக் கொத்துக்கறி, யீபின் ஊரின் கடுகுக்கீரை ஊறுகாய். கூட்டம் குறைந்த நேரத்தில் சாவ்ஷோவ் மடிப்பார். சதுரமான மாவுத்தாளில் பூரணத்தை வைத்து முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் முன்னால் கொண்டுவந்து ஒட்டுவார். குளிருக்குக் கை கட்டிக்கொண்டு நிற்கும் ஆள்போல அது தெரியும். சாவ்ஷோவ் என்ற சொல்லுக்கே ‘கை கட்டிக்கொள்ளுதல்’ என்றுதான் பொருள்.

ஒருநாள் மரியாதையாக இருக்கட்டும் என்று, வகுப்பில் படித்த சொல்லைப் போட்டு அவரை ‘லாவ்பான்னியாங்’ என்று கூப்பிட்டேன். லாவ்பான் என்றால் முதலாளி. லாவ்பான்னியாங் என்றால் முதலாளியம்மா. அவர் சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். இரவு அகராதியைப் புரட்டியபோதுதான் அந்தச் சொல்லின் இரட்டை வேடம் புரிந்தது. கடையை நடத்தும் பெண்ணும் லாவ்பான்னியாங்தான், கடைக்காரரின் மனைவியும் லாவ்பான்னியாங்தான். நம் ‘முதலாளியம்மா’ போலவே. சொல்லைக் கேட்டால் கடை யாருடையது என்று தெரியாது.

கடை யாருடையது? அந்தக் கேள்வியோடு செங்டுவின் சிற்றுண்டிப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊரில் பலகாரங்களுக்கு ஆட்களின் பெயர் இருக்கும். ‘ஜொங் கொழுக்கட்டை’ தண்ணீரில் வேகவைத்த பிறை வடிவக் கொழுக்கட்டை. உள்ளே கீரை, காய் எதுவும் கிடையாது, வெறும் பன்றிக்கறி. மேலே இனிப்பும் காரமும் கலந்த சிவப்பு எண்ணெய். 1893இல் ஜொங் என்பவர் தொடங்கியது என்று கடையின் வரலாறு சொல்கிறது. ‘லாய் தாங்யுவான்’ எள்ளும் சர்க்கரையும் வைத்த பசையரிசி உருண்டை. 1894இல் லாய் என்ற இளைஞர் தோளில் சுமந்து விற்றது. தான்தான் நூடுல்ஸின் பெயரில் ஆள் இல்லை, காவடி இருக்கிறது. ‘தான்’ என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் நூடுல்ஸும் மசாலாக் கிண்ணங்களும். காவடி நூடுல்ஸ் என்றே சொல்லலாம். கிண்ணம் இன்றும் சிறியதாகவே இருப்பது அந்தத் தோளின் கணக்கு.

எல்லாம் ஆண்களின் தோள்கள், ஆண்களின் குடும்பப் பெயர்கள். காரணம் தேட அதிக தூரம் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹான் சீனப் பெண்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே பாதத்தைக் கட்டிவிடுவார்கள். விரல்கள் உள்ளே மடங்கி எலும்பு முறிந்த பாதத்தோடு, அடுப்பெரியும் காவடியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க முடியுமா? ஆனால் அரிசியை ஊறவைத்து அரைக்க, மாவு பிசைய, பூரணம் வைத்து மடிக்க நடக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை அது. அதை வீட்டில் யார் செய்தார்கள் என்று எந்தக் கடையின் வரலாறும் சொல்லவில்லை. காவடியைத் தூக்கியவரின் பெயர் பலகாரத்துக்கு வந்தது.

பலகாரக்காரர்கள் கூடும் இடம் தேநீர்க் கடை. செங்டுவின் தெருவாழ்க்கையையும் தேநீர்க் கடைகளையும் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் வாங் டி, அங்கே பெண்கள் நுழைந்த கதையையும் சொல்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் தேநீர்க் கடையில் உட்காரக்கூடாது. நாடகம் நடக்கும் பெரிய கடைகளில் பெண்களை அனுமதித்தபோது தனி வாசல், தனி இருக்கை. அதுவும் அதிகாரிகள் ஒருமுறை அனுமதிப்பார்கள், மறுமுறை தடுப்பார்கள். 1937இல் ஜப்பானோடு போர் மூண்டு, கிழக்கிலிருந்து அகதிகள் வந்து குவிந்த பிறகுதான் தேநீர் ஊற்றும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். வந்ததும் என்ன நடந்தது? ஏற்கெனவே வேலையில் இருந்த ஆண்கள் எதிர்த்தார்கள். நடத்தை கெட்டவர்கள் என்ற பேச்சு கிளம்பியது. பிழைக்க வந்த பெண்ணைச் சமாளிக்க எந்த ஊரிலும் கையில் இருக்கும் முதல் கல் அதுதான்.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெண் உலகம் முழுக்கத் தெரிந்தவர். மாப்போ தோஃபூ சாப்பிட்டிருப்பீர்கள், அல்லது சீன உணவகத்தின் பட்டியலிலாவது பார்த்திருப்பீர்கள். சிவந்த எண்ணெயில் நடுங்கும் சோயாக்கட்டித் துண்டுகள், மேலே கொத்துக்கறி, ஹுவாஜியாவ் பொடி. ‘மா’ என்றால் அம்மைத் தழும்பு. ‘போ’ என்றால் கிழவி. அம்மைத் தழும்புக் கிழவியின் தோஃபூ.

கடையின் கதைப்படி அது 1862இல் ஆரம்பித்தது. செங்டுவின் வடக்கே வான்ஃபூ பாலத்தருகே, சென் என்ற குடும்பத்தின் சிறிய சாப்பாட்டுக் கடை. எண்ணெய்க் கூடை சுமக்கும் கூலியாட்கள் அந்த வழியாகப் போவார்கள். கறியும் தோஃபூவும் அவர்களே வாங்கி வருவார்கள். சுமையிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் எடுத்துக் கொடுத்து, சமைத்துத் தரச் சொல்வார்கள். சமைத்துக் கொடுத்தவர் சென் வீட்டு மருமகள். கடைப்பலகையில் இருந்த பெயர் சென் ஷிங்ஷெங். சாப்பிட வந்தவர்கள் வைத்த பெயர் சென் மாப்போ. 1909 வாக்கில் ஃபூ சொங்ஜூ என்பவர் செங்டுவைப் பற்றித் தொகுத்த பெரிய கையேட்டில், ஊரின் பேர்பெற்ற உணவுகளில் சென் மாப்போவின் தோஃபூவும் இடம்பெற்றுவிட்டது. பிறகு கடையே பலகையை மாற்றிக்கொண்டு கேலிப்பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. இன்று அது அரசு அங்கீகாரம் பெற்ற பாரம்பரிய வணிகப் பெயர்.

அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். சென் என்பது கணவருடைய குடும்பப் பெயர். மா அம்மை நோய் விட்டுப்போனது. போ வயது. மூன்றில் எதுவும் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் இல்லை. பெரியம்மை பரவலாக இருந்த காலம் அது. தழும்புள்ள ஆண்கள் அந்தச் சந்தையில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஜொங்குக்கும் லாய்க்கும் முகம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கோ முகம் மட்டும் மிஞ்சியது, பெயர் போய்விட்டது.

அவர் ஏழை என்பதால்தான் இப்படியா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. சொங் அரசர்கள் காலத்தில் (960–1279) எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சமையல் நூலின் பெயர் ‘ஜொங்குய் லூ’. வீட்டுக்குள் இருந்து உணவளிக்கும் மனைவியின் கடமையை ஜொங்குய் என்பார்கள். ஊறுகாய், இறைச்சி, இனிப்பு என்று எழுபதுக்கும் மேற்பட்ட செய்முறைகள். எழுதியவர் ‘புஜியாங் ஊர் வூ வீட்டுப் பெண்’. எழுத்தறிவு பெற்று நூலே எழுதியும், கையெழுத்து தகப்பன் குடும்பப் பெயரோடு நின்றுபோகிறது.

பெயரோடு எழுதியவர் ஒருவர் உண்டு, அவரும் செங்டுக்காரர்தான். ஸெங் யி (1852–1927) கவிஞர், மருத்துவர். பெண் கல்வி பற்றி எழுதியவர். 1907இல் அவரும் அதே தலைப்பில் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். உப்புநீர் ஊறுகாய், சாசேஜ், பதப்படுத்திய முட்டை என இருபது செய்முறைகள். மாப்போ தோஃபூவுக்கு உயிரான மிளகாய் மொச்சை விழுதை வீட்டில் போடும் முறையும் அதில் உண்டு. இரண்டு பெண்களும் ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே காலம். ஒருவர் அடுப்பை எழுத்தாக்கினார், ஒருவர் அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். எழுதியவரின் பெயர் கிடைக்கிறது, ஆனால் அவர் நூலைப் படித்தவர்கள் குறைவு. தெருவுக்கு வந்தவரின் சமையலை உலகமே சாப்பிடுகிறது, ஆனால் பெயர் இல்லை.

இன்னொரு பதார்த்தத்தில் பாதிப் பெயர் கிடைத்தது. 1930களில் குவோ சாவ்ஹுவா, ஜாங் தியான்ஜெங் என்ற கணவனும் மனைவியும் மாட்டின் நாக்கு, இதயம், குடல் என்று மற்றவர்கள் ஒதுக்கிய பாகங்களை வேகவைத்து, மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மிளகாய் எண்ணெயில் புரட்டித் தெருவில் விற்றார்கள். ‘ஃபூச்சி ஃபெய்பியன்’ என்று பெயர் வந்தது. ஃபூச்சி என்றால் கணவன்–மனைவி. இங்கே மனைவி பெயரிலேயே இருக்கிறார், அவருடைய சொந்தப் பெயரும் பதிவாகியிருக்கிறது. படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. 2017இல் அமெரிக்காவின் ஜிக்யூ பத்திரிகை, ஹூஸ்டன் நகரத்து உணவகம் ஒன்றில் கிடைத்த இதே பதார்த்தத்தை அந்த ஆண்டின் சிறந்த முன்னுணவு என்று பாராட்டியது. அந்த உணவகம் அதற்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்’. ஜாங் தியான்ஜெங் கடல் தாண்டியதும் மறுபடி யாரோ ஒருவருடைய மிஸஸ் ஆகிவிட்டார்.

புரட்சி வந்ததே, அது என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1956இல் இந்தக் கடைகள் அரசும் தனியாரும் கூட்டாக நடத்துபவையாக மாறின. 1958இல் மக்கள் கம்யூன்களில் பொது உணவுக்கூடங்கள் திறக்கப்பட்டன. பெண்களை அடுப்படியிலிருந்து விடுவிப்போம் என்று அறிவித்தார்கள். நாம் இன்றும் கேட்கிற கோரிக்கைதான் அது. ஆனால் விடுவிக்கப்பட்ட பெண்கள் வயலுக்கும் அணைக்கட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். பல ஊர்களில் வீட்டு இரும்புச் சட்டிகள் உருக்கு உலைக்குப் போயின. எல்லோர் வீட்டு அடுப்பும் அணைந்த பிறகு, உணவுக்கூடத்தின் கரண்டி யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் உயிர் இருந்தது. 1959 முதல் 1961 வரையான பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாகாணங்களில் ஒன்று சிச்சுவான். வீட்டில் ஒரு சட்டியும் ஒரு பிடி அரிசியும் இருந்திருந்தால் பிள்ளைக்குக் கஞ்சியாவது காய்ச்சியிருப்பேன் என்று தவித்த தாய்களின் நாடாக அது இருந்தது. அடுப்படி சிறை என்று நாம் எழுதுகிறோம், அது சரிதான். அந்தச் சிறைக்கதவைத் திறக்கிறவர் பெண்ணிடம் கேட்காமல் திறந்தால் என்ன ஆகும் என்பதும் நம் வரலாற்றில் இருக்க வேண்டும்.

இருபது வருடம் கழித்துத் தனியார் கடைகள் மெல்லத் திரும்பின. 1980 செப்டம்பர் 30 அன்று பெய்ஜிங்கின் ஒரு சந்தில் யுவேபின் என்ற உணவகம் திறந்தது. சீர்திருத்தத்துக்குப் பின் தலைநகரில் திறந்த முதல் தனியார் உணவகம் அது. அடுப்பில் நின்றவர் லியு குய்ஷியன் என்ற பெண். கணவரோடு சேர்ந்து தொடங்கினார். அடுத்த சீனப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த துணைப் பிரதமர்கள் இருவரில் ஒருவர் சென் முஹுவா என்ற பெண்.

அதே காலத்தில் ஹாங்காங்கில் ஸாங் ஜியான்ஹெ இருந்தார். ஷாண்டோங் மாகாணத்துக்காரர். 1977இல் இரண்டு மகள்களோடு தாய்லாந்தில் இருந்த கணவரைத் தேடிப் போனார். பிறந்தது இரண்டும் பெண் என்பதால் மாமியார் மகனுக்கு வேறு திருமணம் செய்துவைத்திருந்தார். இரண்டாம் இடத்தில் இருக்க மாட்டேன் என்று பிள்ளைகளோடு வெளியேறி ஹாங்காங்கில் இறங்கினார். மறுவருடம் வான்சாய் படகுத்துறையில் ஒரு மரவண்டியில் கொழுக்கட்டை விற்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் ஒருவர் ஒதுக்கிவைத்த தடித்த மாவுத்தோலைப் பார்த்து, தோலை மெல்லியதாக்கினார். அந்தக் கொழுக்கட்டை பின்னாளில் பன்னாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சீனா முழுவதும் உறைநிலைப் பெட்டிகளில் விற்கும் ‘வான்சாய் படகுத்துறை’ ஆனது. 2019இல் அவர் இறந்தபோது பத்திரிகைகள் கொழுக்கட்டை ராணி என்று எழுதின. பெட்டியின் மேல் இருப்பது துறையின் பெயர். ஆனாலும் சென் மாப்போவுக்குக் கிடைக்காத ஒன்று இவருக்குக் கிடைத்தது: அவர் யார், எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார் என்று அவர் வாயாலேயே சொல்ல முடிந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு மதியம் கீழே போனேன். கூட்டம் ஓய்ந்திருந்தது. நியாங்நியாங் சாவ்ஷோவ் மடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எனக்குக் கடை உரிமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குச் சீனம் வந்திருந்தது. ‘நடத்துபவர்’ என்ற இடத்தில் ஓர் ஆண் பெயர்.

“நியாங்நியாங், இது யார்?”

“என் வீட்டுக்காரர். ஷென்ஜென்னில் வேலை செய்கிறார். வசந்த விழாவுக்கு வருவார்.”

“கடையை நீங்கள்தானே நடத்துகிறீர்கள்?”

“பத்தொன்பது வருடமாக. ஆரம்பத்தில் அவர் போய் உரிமம் வாங்கினார். அவ்வளவுதான்.”

உங்கள் பெயரைப் போடவில்லையே என்று கேட்டேன். அவர் கை நிற்கவில்லை. “மெய்யர்,” என்றார். பிள்ளை என்று கூப்பிடுவது போன்றது அது. பிறகு மாவு ஒட்டிய விரலால் சுவரைக் காட்டினார். உரிமத்துக்குக் கீழே, காசு செலுத்த க்யூஆர் கோடு ஒட்டியிருந்தது. “அது என் பெயரில் இருக்கிறது.” யாரோ காசு அனுப்ப, அலமாரியில் இருந்த சின்ன ஒலிபெருக்கி ‘வீசாட்டில் 12 யுவான் வந்தது’ என்று அறிவித்தது. “பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன, காசு என் போனுக்கு வருகிறது.”

நான் ஜெயித்ததுபோல் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “தெருவை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வரும்போது மட்டும் அந்தத் தாளைப் பார்ப்பேன்,” என்றார். “நஷ்டஈடு அதில் இருக்கிற பெயருக்குத்தான் வரும்.”

தாளில் இருக்கும் பெயருக்கு என்ன எடை என்று சீனப் பெண்களுக்குத் தெரியும். 2011இல் உச்ச மக்கள் நீதிமன்றம் திருமணச் சட்டத்துக்குத் தந்த விளக்கம், ஒரு தரப்புப் பெற்றோர் பணம் போட்டு வாங்கித் தம் பிள்ளை பெயரில் மட்டும் பதிவுசெய்த வீடு அந்தப் பிள்ளையின் தனிச்சொத்து என்றது. பெரும்பாலும் வீட்டை வாங்குவது மாப்பிள்ளை வீட்டார். பத்திரத்தில் மாப்பிள்ளை பெயர். மருமகள் போட்ட உழைப்பும் சேமிப்பும் எந்தத் தாளிலும் இல்லை. பெண்ணியவாதிகள் கடுமையாக விமர்சித்த விளக்கம் அது.

அவருடைய பெயரை எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை. நூறு வருடம் கழித்து யாராவது ஒருத்தி இந்தத் தெருவின் கடைகளைப் பற்றி ஆராய வந்தால், அவள் கையில் கிடைக்கப்போவது உரிமப் பதிவேடு. அதில் ஷென்ஜென்னில் வேலை செய்த ஒருவர் பத்தொன்பது வருடம் இங்கே நூடுல்ஸ் விற்றதாக இருக்கும். அந்த ஒருத்திக்காகத்தான் இதை எழுதிவைக்கிறேன்: அந்தக் கடையில் கிண்ணத்தைப் பார்க்காமலே மசாலா போட்டதும், சாவ்ஷோவுக்குக் கை கட்டிவிட்டதும் ஒரு பெண்.